கசிவின் அறம்: பொசிதல், வடிதல், ஊறுதல் குறித்த ஒரு சொற்பொருள் ஆய்வு

முன்னுரை

மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதும் காப்பித்தூளின் ஊடே வெந்நீர் இறங்கிச் சொட்டுவதும் ஒரே இயற்பியல் நிகழ்வின் இருவேறு தோற்றங்களாகும். இந்நிகழ்வைக் கசிவு, வடிதல், பொசிதல், ஊறல் எனத் தமிழ் பல பெயர்களால் வழங்குகிறது. அறிவியலார் இதனை அளந்துள்ளனர். கணிதவியலார் இதற்கெனத் தனிக் கோட்பாட்டையே வகுத்துள்ளனர். சமுதாயத்தைப் பற்றிச் சிந்திப்போரும் இந்நிகழ்வை உவமையாக எடுத்தாண்டுள்ளனர். மேல்தட்டில் பெருகும் கல்வியும் செல்வமும் காலப்போக்கில் அடித்தட்டுவரை கசிந்து சேரும் என்னும் கருத்து, இந்தியாவில் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாகப் பல வடிவங்களில் கூறப்பட்டு வருகிறது.

இயற்கை நிகழ்வொன்றை உவமையாகக் கொள்ளும்போது, அந்நிகழ்வுக்குரிய நிபந்தனைகளும் உவமையோடு சேர்ந்தே வரவேண்டும். நிபந்தனைகளை விலக்கிவிட்டு விளைவை மட்டும் எடுத்துக்கொள்ளும் உவமை, சிந்தனைக்குத் துணைசெய்வதற்கு மாறாகப் பொறுப்பை மறைக்கும் திரையாகிவிடுகிறது. கசிவு என்னும் உவமை இவ்வாறு பயன்பட்டுள்ளதா, அதனால் மறைக்கப்பட்ட பொறுப்பு யாருடையது என்னும் வினாக்களைத் தமிழ்ச் சொல்வழக்குகளையும் அறிவியல் விளக்கங்களையும் இந்திய வரலாற்றுச் சான்றுகள் சிலவற்றையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

கசிதல் என்னும் வினை ஈரம் வெளிப்படுதல், வியர்த்தல், மனம் நெகிழ்தல் ஆகிய பொருள்களில் வழங்குகிறது. பக்தி இலக்கியத்தில் இறைவனை எண்ணி உள்ளம் உருகும் நிலையைக் குறிக்க இச்சொல் பெருவழக்காக ஆளப்பட்டுள்ளது. ஈரம் என்னும் சொல்லும் நீர்ப்பசையை உணர்த்துவதோடு அன்பையும் உணர்த்துவது இங்கு இணைத்து நோக்கத்தக்கது. நெஞ்சில் ஈரமில்லாதவன் என்னும் வழக்கு இரக்கமற்றவனைச் சுட்டுகிறது. இன்றைய செய்தி நடையில் இதே சொல் எரிவாயுக் கசிவு, வினாத்தாள் கசிவு என வெளிவரக் கூடாதது வெளிவருவதையும் குறிக்கிறது. ஆகவே கசிவு நன்மைக்கும் தீமைக்கும் பொதுவான சொல்லாக நிற்கிறது.

ஊறுதல் என்பது உள்ளிருந்து சுரப்பதையும் ஒன்றினுள் மற்றொன்று மெல்லப் படிந்து பரவுவதையும் உணர்த்தும். ஊற்று முதற்பொருளுக்குச் சான்று. ஊறுகாய் இரண்டாம் பொருளுக்குச் சான்று. பழக்கம் ஒன்று நெடுங்காலம் நிலைத்து இயல்பாகவே மாறிவிட்டால் அதனை ஊறிப்போன பழக்கம் என்கிறோம். வடிதல் என்பதில் பிரிப்பு என்னும் கருத்து முதன்மை பெறுகிறது. சோறு வடிக்கும்போது கஞ்சி வெளியேறுகிறது, சோறு தங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்நிகழ்வைக் குறிக்கும் பெர்க்கொலேஷன் என்னும் சொல், ஊடே வடித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியிலிருந்து பிறந்தது. அதன் வேரில் சல்லடை என்னும் பொருள் உண்டு. கடந்துசெல்வதும் தங்கிவிடுவதும் சேர்ந்ததே கசிவு என்பதை இச்சொல் வரலாறு உணர்த்துகிறது.

மராத்திய மொழி வழக்கும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. நிலத்தடி நீரைப் பெருக்குவதற்காக வெட்டப்படும் கசிவுநீர்க் குட்டையை அம்மொழியில் பாஜர் தலாவ் என்பர். பாஜர் என்றால் கசிவு. கல்நெஞ்சர் ஒருவருக்கு இரக்கம் பிறப்பதையும் அவருள் பாஜர் தோன்றியதாகவே மராத்தியர் கூறுவர். வெவ்வேறு மொழிக் குடும்பங்களைச் சேர்ந்த இரு மொழிகள், நிலத்தின் கசிவையும் நெஞ்சின் கசிவையும் ஒரே சொல்லால் குறித்திருப்பது, இந்நிகழ்வில் அறப்பொருள் ஒன்றை மக்கள் கண்டிருந்தனர் என்பதற்குச் சான்றாகும்.

மண் உணர்த்தும் நெறி

பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி, திஜோன் நகரின் குடிநீர் வழங்கலுக்காக மணல் அடுக்குகளில் நீர் இறங்குவதை ஆராய்ந்து 1856ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டார். நீர் இறங்கும் அளவு, இருபுறத்து நீர்மட்ட வேறுபாட்டுக்கு நேர்விகிதத்திலும், கடக்கவேண்டிய அடுக்கின் தடிமனுக்கு எதிர்விகிதத்திலும் அமையும் என்பது அவர் கண்ட விதி. மண்ணின் இயல்புக்கேற்ப மாறும் ஓர் எண்ணும் அவ்விதியில் இடம்பெறுகிறது. மேலே எவ்வளவு நீர் நிற்கிறது என்பதை மட்டும் கொண்டு கீழே எவ்வளவு சேரும் என்று கூறிவிட முடியாது என்பதே இவ்விதியின் சாரம்.

நிலத்தியல் மற்றுமோர் உண்மையைத் தெளிவுறுத்துகிறது. களிமண்ணில் நுண்துளைகள் மிகுதி. ஒரே கனஅளவில் மணலைக் காட்டிலும் கூடுதலான நீரைத் தன்னுள் வைத்திருக்கவும் அதனால் இயலும். ஆயினும் அத்துளைகள் மிகச் சிறியனவாதலால் நீர் அவற்றைக் கடந்து எளிதில் கீழிறங்குவதில்லை. கொள்ளும் திறன் வேறு, கடத்தும் திறன் வேறு என்பது இதனால் விளங்கும். நிறையப் பெற்றுக்கொண்ட அடுக்கு நிறையக் கொடுக்கும் என்று எதிர்பார்க்க மண்ணியல் இடந்தருவதில்லை.

தக்காணப் பீடபூமியின் பெரும்பகுதி எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறையால் ஆனது. அங்கு நிலத்தடி நீர் பாறையின் சிதைந்த மேலடுக்கிலும் வெடிப்புகளிலும் மட்டுமே தங்குகிறது. மகாராட்டிரத்தில் 1972ஆம் ஆண்டுக் கடும் வறட்சியை ஒட்டி நடைபெற்ற நிவாரணப் பணிகளிலும் பின்னர் வேலை உறுதித் திட்டத்திலும் கசிவுநீர்க் குட்டைகள் பல வெட்டப்பட்டன. இடத்தேர்வு சரியாக அமைந்த குட்டைகளின் கீழ்ப்புறக் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது. வெடிப்பில்லாப் பாறைமீது அமைந்த குட்டையில் தேங்கிய நீரோ ஆவியாகவே முடியும். நன்கு அமைந்த குட்டைக்கும் ஓர் இடையூறு உண்டு. ஆண்டுதோறும் வெள்ளம் கொணரும் வண்டல் குட்டையின் அடியில் படிந்து துளைகளை அடைத்துவிடுகிறது. தூர் வாராத குட்டையில் நீர் நிற்கும்; இறங்காது. வடிகட்டி தடுத்து நிறுத்திய பொருளே நாளடைவில் வடிகட்டியின் வழியை அடைத்துவிடுவது இந்நிகழ்வின் இயல்பு.

இல்லத்துக் காப்பி வடிகட்டியும் இதே பாடத்தைப் புகட்டுகிறது. தூளை அளவுக்கு மீறி அழுத்தினால் வெந்நீர் மேலேயே நிற்கும். தளர்வாக விட்டால் நீர் விரைந்து இறங்கும், சாறு இறங்காது. தூளின் பருமன், அழுத்தம், காத்திருக்கும் நேரம் ஆகிய மூன்றும் பொருந்தியபோதே நல்ல டிகாக்‌ஷன் கிடைக்கிறது. தானாக நடப்பதுபோலத் தோன்றும் இச்செயலுக்குப் பின்னே இல்லத்தார் ஒருவரின் கைப்பக்குவம் மறைந்திருக்கிறது.

கணிதம் கூறும் மாறுநிலை

கசிவுக்கெனக் கணிதக் கோட்பாடு ஒன்றை 1957ஆம் ஆண்டு பிராட்பென்ட், ஹேமர்ஸ்லி என்னும் இருவர் வகுத்தனர். சுரங்கத் தொழிலாளர் அணியும் முகமூடிகளின் வடிகட்டிகள் குறித்த சிந்தனை இதற்குத் தூண்டுதலாக இருந்தது. எல்லையின்றிப் பரந்த சதுர வலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். அதன் ஒவ்வோர் இணைப்பும் ஒரு குறிப்பிட்ட நிகழ்தகவின்படி திறந்தோ மூடியோ இருக்கும். நீர் இவ்வலையில் எல்லையின்றிப் பரவ இயலுமா என்பதே வினா. திறந்த இணைப்புகளின் விகிதம் ஒரு மாறுநிலை அளவுக்குக் கீழே இருப்பின் நீர் சிறுசிறு தீவுகளுக்குள் அடங்கிவிடும். அவ்வளவைக் கடந்தவுடன் வலை முழுதும் ஊடுருவும் பெருவழி ஒன்று தோன்றிவிடும். சதுர வலை இணைப்புகளுக்கு இம்மாறுநிலை அளவு மிகச் சரியாக இரண்டில் ஒரு பங்கு என்பதை ஹாரி கெஸ்டன் 1980இல் நிறுவினார்.

இக்கோட்பாட்டில் சிந்தனைக்குரிய கூறுகள் இரண்டு. முதலாவது, காலத்தைப் பற்றியது. மாறுநிலைக்குக் கீழே உள்ள வலையில் எத்தனை காலம் காத்திருந்தாலும் நீர் தொலைவைச் சென்றடையாது. மேலும் மேலும் ஊற்றுவதாலும் பயனில்லை. இணைப்புகளைத் திறப்பது ஒன்றே வழி. இரண்டாவது, திசையைப் பற்றியது. நீர் எப்பக்கமும் செல்லலாம் என்னும் நிலையில் பாதி இணைப்புகள் திறந்திருப்பதே எல்லையாக அமைகிறது. மேலிருந்து கீழாக மட்டுமே செல்லவேண்டும் என விதித்தால் மாறுநிலை அளவு ஏறத்தாழ 0.64 ஆக உயர்கிறது. ஒருவழிக் கசிவுக்குக் கூடுதலான திறப்புகள் தேவை என்பது இதன் பொருள். கணித வலையும் மனித சமுதாயமும் ஒன்றல்ல. எனினும் கசிவை உவமையாகக் கொள்வோர், கசிவு பற்றி நிறுவப்பட்ட இவ்வுண்மைகளை ஒதுக்கிவிட்டுப் பேச இயலாது.

வடிகட்டப்பட்ட கல்வி

கசிவு உவமை இந்தியாவில் அரசுக் கொள்கையாகவே நிலவிய காலம் ஒன்று உண்டு. 1835ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் மெக்காலே அளித்த குறிப்பில், மக்கள் அனைவர்க்கும் கல்வி வழங்க அரசிடம் பொருள்வளம் இல்லை என்பதும், ஆங்கிலக் கல்வி பெற்ற ஒரு வகுப்பாரை உருவாக்கினால் அவர்கள்வழி அறிவு ஏனைய மக்களைச் சென்றடையும் என்பதும் வலியுறுத்தப்பட்டன. கல்வி வரலாற்றாசிரியர்கள் இதனைக் கீழ்நோக்கிய வடிகட்டல் கோட்பாடு என்பர். 1854ஆம் ஆண்டின் சார்லஸ் வுட் கல்வி அறிக்கை, பெருந்திரளான மக்களின் கல்வி புறக்கணிக்கப்பட்டிருந்ததை ஏற்றுக்கொண்டு நாட்டுமொழிப் பள்ளிகளுக்கு ஊக்கமளிக்க முற்பட்டது. எனினும் நடைமுறையில் மேல்நிலைக் கல்விக்கே முதன்மை தொடர்ந்தது.

புணேயில் 1848ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கிய ஜோதிராவ் புலே, 1882ஆம் ஆண்டு ஹண்டர் கல்விக் குழுவின்முன் தம் கருத்துகளை எழுத்துவடிவில் அளித்தார். அரசின் வருவாயில் பெரும்பகுதி உழவரின் உழைப்பிலிருந்து பெறப்படுகிறது. அவ்வருவாய் உயர்வகுப்பாரின் கல்விக்குச் செலவிடப்படுகிறது. அவ்வாறு கற்றவர்கள் தாம் பெற்றதை ஏனையோர்க்குக் கொண்டுசேர்க்கவில்லை என்பது அவர்தம் வாதத்தின் சாரமாகும். குறைந்தது 12 வயது வரையிலேனும் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

கசிவு உவமையின் அடிப்படைக் குறை ஒன்றைப் புலேயின் வாதம் வெளிப்படுத்துகிறது. உவமையில் நீர் வானத்திலிருந்து வருகிறது. யாருடைய உடைமையும் அன்று. புலே சுட்டிய நிலையிலோ, மேலே ஊற்றப்பட்ட நீர் கீழிருந்து இறைக்கப்பட்ட நீராகும். கொடுத்தவரையே கையேந்திக் காத்திருப்பவராகக் காட்டுவது இவ்வுவமையால் எளிதாகிவிடுகிறது. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாட்டின் எழுத்தறிவு 5.35 விழுக்காடு, பெண்களிடையே 0.60 விழுக்காடு. இந்நிலைக்குக் காரணங்கள் பல. ஆயினும் மெக்காலேயின் குறிப்புக்குப் பின் 66 ஆண்டுகள் கழிந்தும் கசிவு நிகழவில்லை என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. சாதியால் அடுக்கப்பட்ட சமுதாயத்தில் அடுக்குகளுக்கிடையே திறந்த வழிகள் எத்தனை இருந்தன என்னும் வினா அன்றைய கொள்கையில் எழுப்பப்படவேயில்லை. கல்வியை அடிப்படை உரிமையாக்கிய 86ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 2002இல்தான் நிறைவேறியது. அதற்கான சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

பொருளியல் வளர்ச்சியைப் பற்றியும் இதே நம்பிக்கை நிலவியது. புணேயைச் சேர்ந்த பொருளியலறிஞர்கள் வி. எம். தாண்டேகரும் நீலகண்ட ரத்தும் 1971இல் இந்திய வறுமை பற்றி வெளியிட்ட ஆய்வு, அதற்கு முந்தைய பத்தாண்டு வளர்ச்சியின் பயன் பெரிதும் மேல்தட்டினரையே சேர்ந்தது என்று எடுத்துரைத்தது. ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் குறைந்தபட்சத் தேவைகள் திட்டம் இடம்பெற்றது, கசிவுக்காகக் காத்திராமல் நேரடியாக வழங்கவேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றதன் விளைவெனலாம்.

தீமையின் கசிவு

நன்மையின் கசிவைப் பற்றிய இந்நம்பிக்கைக்கு நேர்மாறான நம்பிக்கை ஒன்று தீமையைப் பொறுத்து நிலவுகிறது. கழிவை மண்ணில் கொட்டுவோர், மண் அதனை வடிகட்டிக்கொள்ளும் என்று கருதுகின்றனர். மண் சிலவற்றை வடிகட்டுவது உண்மையே. மிதக்கும் துகள்களையும் நுண்ணுயிரிகள் பலவற்றையும் அது தடுத்து நிறுத்தும். ஆனால் நைட்ரேட்டு, குளோரைடு போன்ற கரைந்த உப்புகள் நீரோடு நீராகக் கீழிறங்கிவிடும்.

இராசத்தானின் உதயப்பூர் மாவட்டத்திலுள்ள பிச்சரி என்னும் சிற்றூரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1980களின் இறுதியில் அவ்வூரருகே எச் அமிலம் என்னும் சாயத்தொழில் வேதிப்பொருள் உற்பத்தி செய்யப்பட்டது. உற்பத்தி நடந்த காலம் மிகக் குறுகியது. எனினும் அதனால் விளைந்த 2,000 டன்னுக்கு மேற்பட்ட கசடு திறந்தவெளியில் கொட்டப்பட்டது. மழைநீரோடு அதன் நச்சு மண்ணுள் இறங்கியது. சுற்றுப்புறக் கிணறுகளின் நீர் நிறம் மாறி, மக்களுக்கும் கால்நடைகளுக்கும் பயிர்களுக்கும் உதவாததாயிற்று. 1989இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 பிப்ரவரி 13 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே சீரமைப்புச் செலவை ஏற்கவேண்டும் என்னும் நெறி அத்தீர்ப்பில் உறுதிசெய்யப்பட்டது. தீர்ப்பை எதிர்த்துத் தொடர்ந்து தாக்கல் செய்யப்பட்ட மனுக்கள் 2011ஆம் ஆண்டே முடிவுக்கு வந்தன. நச்சு கீழிறங்கச் சில பருவமழைகளே போதுமாயிருந்தன. நீதி இறங்கிவர இருபது ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது.

இவ்விடத்தில் ஒரு முரண் தெளிவாகப் புலப்படுகிறது. நன்மையைப் பற்றிப் பேசுகையில் இடைப்பட்ட அடுக்குகள் யாவும் வழிவிடும் என்றும், தீமையைப் பற்றிப் பேசுகையில் அதே அடுக்குகள் யாவும் தடுத்துக்கொள்ளும் என்றும் கருதப்படுகிறது. பயன் தானே கீழே சேரும். பழுது தானே நடுவில் நின்றுவிடும். இவ்விரு நம்பிக்கைகளும் பெரும்பாலும் மேலே இருப்பவர்க்கே உரியன என்பதும், இரண்டுமே அவரைச் செயலிலிருந்து விடுவிக்கின்றன என்பதும் கருதத்தக்கன. மண்ணோ யாருடைய விருப்பத்துக்கும் இணங்குவதில்லை. எது கடக்கும், எது தங்கும் என்பதை அதன் துளைகளும் இறங்கும் பொருளின் இயல்புமே முடிவுசெய்கின்றன.

பொசிதலும் ஊறுதலும்

தமிழ் அறநூல்களில் கசிவு தொடர்பான உவமைகள் இரண்டு இவ்வாய்வுக்குத் துணைபுரிகின்றன. ஔவையாரின் மூதுரையில் வரும் வெண்பா ஒன்று, நெற்பயிருக்கெனப் பாய்ச்சப்படும் தண்ணீர் போகும் வழியிலுள்ள புல்லையும் நனைப்பதை எடுத்துக்காட்டி, நல்லவர் ஒருவர் பொருட்டுப் பெய்யும் மழை அனைவர்க்கும் பயன்படுவதை உணர்த்துகிறது. மேல்தட்டின் வளம் கீழ்த்தட்டுக்கும் உதவும் என்பார் இதனைத் தமக்குச் சார்பாகக் காட்டக்கூடும். அவ்வுவமையின் உறுப்புகளை ஊன்றி நோக்கின் இக்கருத்து நிலைபெறாது. அங்கு நீரை இறைப்பவர் ஒருவர் இருக்கிறார். நீர் செல்ல வாய்க்கால் ஒன்று வெட்டப்பட்டிருக்கிறது. நனைவது வாய்க்காலை ஒட்டிய புல்லே. பாட்டின் நோக்கமும் நல்லோரின் சிறப்பை உரைப்பதே. புல்லுக்குரிய பங்கை வரையறுப்பது அன்று. மனிதரைப் புல்லின் நிலையில் வைத்து, நெல்லுக்குப் பாய்வதில் எஞ்சியது போதும் என்று கூற அப்பாடல் இடந்தரவில்லை.

திருக்குறளில் கல்வி அதிகாரத்தின் 396ஆம் குறள் வேறோர் உவமையை முன்வைக்கிறது. மணற்பாங்கான கேணியில் தோண்டும் அளவுக்கேற்ப நீர் சுரப்பதுபோல மாந்தர்க்குக் கற்கும் அளவுக்கேற்ப அறிவு சுரக்கும் என்பது அதன் கருத்து. இங்கு நீர் மேலிருந்து இரங்கி வழங்கப்படுவதாகக் கூறப்படவில்லை. தோண்டுபவரின் காலடியிலேயே நீர் இருக்கிறது. அவருடைய முயற்சியே அதன் அளவை முடிவுசெய்கிறது. கல்விக்கு மெக்காலேயின் குறிப்பு வடிதலை அடிப்படையாகக் கொண்டது. வள்ளுவம் ஊறுதலை அடிப்படையாகக் கொண்டது. வடிதலில் பெறுபவர் காத்திருப்பவர்; ஊறுதலில் பெறுபவர் செயல்படுபவர்.

ஆயின் ஊறுதல் உவமையையும் நிபந்தனையின்றிக் கொள்ளுதல் பொருந்தாது. தோண்டியும் நீர் காணாதவனை நோக்கி முயற்சி போதாது என்று பழிசொல்ல அது பயன்பட்டுவிடக்கூடும். மணலில் தோண்டுவதும் தக்காணத்துக் கரும்பாறையில் தோண்டுவதும் ஒன்றாகா. கேணியில் ஊறும் நீரும் என்றோ எங்கோ மண்ணில் இறங்கிய மழையே; அது இறங்கும் வழி அடைபட்டிருந்தால் தோண்டுபவனின் உழைப்பு வீணாகும். தோண்டும் கடமை ஒருவருக்குரியது எனின், நீர் இறங்கும் வழியை அடைக்காதிருப்பதும் அடைபட்டதைத் தூர் வாருவதும் மற்றவர்க்குரிய கடமைகளாகும். இவ்விரு கடமைகளும் சேர்ந்த இடத்திலேயே கசிவு அறமாகிறது.

முடிவுரை

கசிவு என்பது தானே நிகழும் செயலாகத் தோன்றினும் இணைப்பு, மாறுநிலை, ஊடகத்தின் இயல்பு ஆகியவற்றால் கட்டுண்டது என்பதை மண்ணியலும் கணிதமும் தெளிவுபடுத்துகின்றன. மாறுநிலைக்குக் கீழே உள்ள அமைப்பில் காத்திருப்பு தீர்வாகாது. எனவே பயன்கள் கீழே கசிந்து சேரும் என்று கூறுபவர், வழிகள் திறந்துள்ளனவா என்பதை முதலில் காட்டக் கடமைப்பட்டவர் ஆகிறார். திறக்கப்படாதவிடத்து அவற்றைத் திறப்பதும் அவர் பொறுப்பே. அவ்வாறே, கழிவை மண் தாங்கிக்கொள்ளும் என்று கூறுபவர் அதனை முன்கூட்டியே நிறுவக் கடமைப்பட்டவர். மெய்ப்பிக்கும் சுமை இவ்விரு இடங்களிலும் கீழே இருப்பவர்மீது சுமத்தப்பட்டு வந்ததைப் புணேயின் கல்வி வரலாறும் பிச்சரியின் கிணறுகளும் காட்டுகின்றன.

கசிவைக் குறிக்கும் சொல்லே இரக்கத்தையும் குறிப்பது தமிழுக்கும் மராத்திக்கும் பொதுவான மரபு. நெஞ்சு கசிதல் என்னும் வழக்கில் கசிபவர் கொடுப்பவரே. இறுகிய தம் உள்ளத்தைத் தாமே இளகச் செய்பவர் அவர். கசிவை உவமையாகக் கொண்டு கொள்கை வகுப்போர் இச்சொல்லின் இப்பொருளையும் ஏற்பாராயின், ஊற்றியதோடு தம் கடமை முடிந்தது என்று அமையார். கடைசிக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து பார்க்கவும் முன்வருவர்.